வெடிக்க ஊசி: எச்.சி.ஜி.யா, அகோனிஸ்ட்டா, இரண்டுமா?

ஐ.வி.எஃப். எனப்படும் சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சையில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் வயிற்றில் ஊசி போட்டு, ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன் பார்த்து, ஃபாலிக்கிள்கள் (சினைப்பையில் முட்டை வளரும் நீர்ப்பைகள்) 17, 18 மில்லிமீட்டரை எட்டியதும், ஒரு மாலையில் மருத்துவர் "இன்றைக்கு இராத்திரி வெடிக்க ஊசி போட்டுவிடலாம்" என்று சொல்லி நேரத்தை நிமிடம் உட்பட எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டில் இருக்கும் மருந்து எது என்று பெரும்பாலான தம்பதியர் பார்ப்பதில்லை. எத்தனை மணி என்பதை மட்டும் நாலு தடவை சரிபார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அடுத்த இரண்டு வாரம் அந்தப் பெண்ணின் உடல் எப்படி இருக்கும், கரு இந்த மாதமே கர்ப்பப்பைக்குள் போகுமா போகாதா என்பதையெல்லாம், அதுவரை போட்ட அத்தனை ஊசிகளையும்விட அந்த ஓர் ஊசிதான் அதிகமாகத் தீர்மானிக்கிறது.

பெயரைப் பற்றி ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். இயற்கையாக முயலும்போதும், விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் ஐ.யு.ஐ. செய்யும்போதும் இந்த ஊசிக்குப் பிறகு ஃபாலிக்கிள் உண்மையாகவே வெடித்து முட்டை வெளியேறும். ஐ.வி.எஃப்.பில் அப்படி வெடிக்க விடுவதில்லை. அதற்குச் சற்று முன்னதாக, ஊசி போட்ட 34 முதல் 36 மணி நேரத்தில், முட்டைகளை உறிஞ்சி எடுத்துவிடுகிறோம். ஆகவே இங்கே அந்த ஊசியின் வேலை முட்டையை முதிர வைப்பதுதான். கருவியல் ஆய்வகத்தில் இருக்கும் நாங்களும் பேச்சில் டிரிகர் என்றும் வெடிக்க ஊசி என்றும்தான் சொல்கிறோம் என்பதால், இங்கும் அதே பெயரோடு போகிறேன்.

நடைமுறையில் இருக்கும் தேர்வுகள் மூன்று: எச்.சி.ஜி. என்ற ஹார்மோன், மூளையின் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோனைப் போலச் செயல்படும் ஜி.என்.ஆர்.எச். அகோனிஸ்ட், இரண்டையும் சேர்த்துப் போடும் இரட்டை டிரிகர். நான்காவதாகக் கிஸ்பெப்டின் என்று ஒன்று ஆராய்ச்சி அளவில் இருக்கிறது. நான்குமே பெப்டைடு ஹார்மோன்கள் அல்லது அவற்றின் சாயலில் செய்யப்பட்டவை; நான்கும் கடைசியில் போய்த் தொடும் இடம், மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரி அனுப்பும் எல்.எச். ஹார்மோனுக்குச் சினைப்பையில் இருக்கும் ஏற்பிதான். வேறுபாடு, அந்த ஏற்பியை எது எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. "எந்த ஊசிக்கு முட்டை அதிகம் வரும்?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மூன்றும் ஏறத்தாழ ஒரே பதிலைத்தான் தரும். கேட்க வேண்டியவை வேறு இரண்டு: ஸ்கேனில் எத்தனை ஃபாலிக்கிள்கள் இருக்கின்றன, இந்தச் சுழற்சியிலேயே கரு வைக்கப் போகிறோமா?

உடல் தானாகச் செய்வது

மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாக, இடைவெளி விட்டு அனுப்புகிறது. அது பத்தே அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி. அதன் அமைப்பை ஆண்ட்ரூ ஷாலி, ரோஜர் கில்லமின் இருவரின் குழுக்களும் 1971-ஐ ஒட்டிய காலத்தில் கண்டறிந்தன. 1977-இல் அவர்களுக்குக் கிடைத்த நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், இரத்தத்தில் இத்தகைய பெப்டைடு ஹார்மோன்களை அளக்க வழி கண்டுபிடித்த ரோசலின் யாலோ. அடுத்த ஆண்டே எர்னஸ்ட் நோபிலின் குழு குரங்குகளில் ஒரு விசித்திரத்தைக் காட்டியது: இந்த ஹார்மோனை மணிக்கொருமுறை துடிப்பாகக் கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்கிறது, இடைவிடாமல் கொடுத்தால் சில நாட்களில் அடங்கிப்போகிறது. அகோனிஸ்ட் மருந்தை ஒரு சிகிச்சையில் முட்டையை முதிர வைக்கவும், இன்னொன்றில் பிட்யூட்டரியை உறங்க வைக்கவும் பயன்படுத்துகிறோமே, அந்த முரண்பாட்டின் விளக்கம் இந்தச் சோதனையில் இருக்கிறது.

ஃபாலிக்கிள் வளர வளர அது சுரக்கும் ஈஸ்ட்ரடையால் என்ற ஹார்மோன் ஏறுகிறது. அது ஓர் உயரத்தில் இரண்டு நாள் அளவுக்கு நிலைத்து நின்றதும், கிஸ்பெப்டின் நரம்பணுக்கள் வழியாக ஜி.என்.ஆர்.எச். பெருகி, பிட்யூட்டரியிலிருந்து எல்.எச். வெள்ளம்போல் கிளம்புகிறது. இந்த எழுச்சி ஏறி, நின்று, இறங்க மொத்தம் 48 மணி நேரம் போல ஆகும். முட்டையோ, அந்தப் பெண் தன் தாயின் வயிற்றில் இருந்த காலத்திலேயே செல்பிரிவைப் பாதியில் நிறுத்திவிட்டு உறங்கிக்கொண்டிருப்பது. எல்.எச். நேராக அதைத் தொடுவதில்லை; சுற்றியுள்ள கிரானுலோசா செல்களில் இருக்கும் ஏற்பிகளைத் தொடுகிறது, அந்தச் செல்கள் வேறு சிறு புரதச் செய்திகளை உள்ளே அனுப்புகின்றன, உறக்கத்தைக் காத்துக்கொண்டிருந்த தடை விலகுகிறது, முட்டை விட்ட இடத்திலிருந்து பிரிவைத் தொடர்கிறது.

அதன் விளைவை நான் கண்ணால் பார்ப்பது மறுநாளுக்கு மறுநாள் காலையில். வெதுவெதுப்பான குழாயில் வைக்கோல் நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ ஃபாலிக்கிள் நீர் வந்துசேரும். வட்டத் தட்டில் ஊற்றிச் சாய்த்தால், எல்.எச். செய்தி ஒழுங்காகப் போய்ச்சேர்ந்த முட்டையைச் சுற்றி, தண்ணீரில் ஊறிய சப்ஜா விதையைப் போல வழுவழுப்பான ஒரு படலம் விரிந்திருக்கும். பழகிய கண்ணுக்கு நுண்ணோக்கி இல்லாமலேகூட அது பிடிபடும். செய்தி சேராததோ ஊறாத விதைதான். செல்கள் முட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். சில சமயம் அது ஃபாலிக்கிளின் சுவரை விட்டு வரவே மறுத்துவிடும்.

உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையாக 1978 ஜூலை 25-இல் பிறந்த லூயிஸ் பிரவுனுக்காக எடுத்த முட்டைக்கு வெடிக்க ஊசி எதுவும் போடப்படவில்லை. தாயின் இயற்கையான எல்.எச். எழுச்சியைச் சிறுநீர்ச் சோதனையால் இரவும் பகலும் கண்காணித்து, அது தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணி முட்டையை எடுத்தார்கள். எழுச்சி நள்ளிரவில் தொடங்கினால் அறுவை சிகிச்சையும் அதற்கேற்ற அகால நேரத்தில்தான். ஊசியால் தூண்டி, எச்.சி.ஜி.யால் நேரத்தைக் கையில் எடுத்துக்கொண்ட முறையை அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் ஹோவர்டு, ஜார்ஜியானா ஜோன்ஸ் தம்பதியர் நிலைநிறுத்தினார்கள். அங்கே 1981 டிசம்பரில் எலிசபெத் கார் பிறந்தார். இன்று நாம் விவாதிக்கும் தேர்வுகள் எல்லாம், உடலின் அந்த 48 மணி நேர எழுச்சிக்கு மாற்றாக எதை வைப்பது என்ற கேள்விக்கான வெவ்வேறு பதில்களே.

எச்.சி.ஜி.: உறுதியானது, ஆனால் போகாதது

எச்.சி.ஜி. உண்மையில் கர்ப்பத்தின் ஹார்மோன். கரு பதிந்ததும் அதைச் சுற்றியுள்ள செல்கள் சுரப்பது; வீட்டில் செய்யும் கர்ப்பப் பரிசோதனையில் கோடு விழுவது இதனால்தான். இரண்டு சங்கிலிகள் கொண்டது. 92 அமினோ அமிலங்கள் உள்ள முதல் சங்கிலி எல்.எச்., ஃபாலிக்கிளை வளர்க்கும் எஃப்.எஸ்.எச்., தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஆகியவற்றுக்கும் பொது. 145 உள்ள இரண்டாவது சங்கிலிதான் இதற்கே உரியது; அதன் முடிவில் வால்போல் நீளும் பகுதியில் சர்க்கரைக் கிளைகள் அடர்ந்திருக்கின்றன. எல்.எச்.சுக்கு இந்த வால் இல்லை. சாவி ஒன்றுதான், பூட்டும் ஒன்றுதான்; ஆனால் எல்.எச். இரத்தத்தில் பாதியாகக் குறைய ஒரு மணி நேரம்கூட ஆகாத இடத்தில், எச்.சி.ஜி. பாதியாகக் குறைய ஒரு நாளுக்கு மேல் ஆகிறது. ஒருமுறை போட்ட ஊசியின் மிச்சம் ஒரு வாரம், பத்து நாள்கூட உடலில் இருக்கும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இது அந்தக் கணக்குக்கு அடங்காத விருந்தாளி.

இந்த நீண்ட தங்கலில் நன்மையும் உண்டு என்பதால்தான் நாற்பது ஆண்டுகளாக இது இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. முட்டையை எடுத்த பிறகு காலியான ஃபாலிக்கிள்கள் கார்பஸ் லூட்டியமாக மாறி, கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரக்க வேண்டும். அந்த வேலைக்கு எல்.எச். தொடர்ந்து தேவை. ஐ.வி.எஃப். தூண்டலில் ஹார்மோன் அளவுகள் இயல்பைவிட மிக உயரத்தில் இருப்பதால் பிட்யூட்டரி தன் எல்.எச். சுரப்பை அடக்கிக்கொள்கிறது. அந்த இடைவெளியை எச்.சி.ஜி.யின் மிச்சம் நிரப்பி, கர்ப்பப்பை உறையைக் கருவை ஏற்கும் நிலையில் வைத்திருக்கிறது. எந்தத் தூண்டல் முறையாக இருந்தாலும் இது வேலை செய்யும், பிட்யூட்டரியின் உதவி இதற்குத் தேவையில்லை, விலையும் குறைவு.

எச்.சி.ஜி. எடுப்பது என்று முடிவான பிறகு எழும் துணைக்கேள்விகள் அவ்வளவு கனமானவை அல்ல. கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தது 5,000 அல்லது 10,000 யூனிட்டாக வருகிறது. மரபணு நுட்பத்தால் செய்தது 250 மைக்ரோகிராம் கொண்ட, மருந்து நிரப்பிய ஊசியாக வருகிறது, இது 6,500 யூனிட்டுக்கு நெருக்கமானது. குழந்தை பிறக்கும் வாய்ப்பில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பின்னது போட எளிது, முன்னது மலிவு. வீட்டில் தாங்களே போட்டுக்கொள்பவர்களுக்குப் பொடியைக் கரைக்கும் வேலை இல்லாத ஊசி வசதி என்பதைத் தவிர, கூடுதல் விலைக்கு வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

கனமான விஷயம் ஓ.எச்.எஸ்.எஸ். எனப்படும் சினைப்பை மிகைத்தூண்டல் நோய். பி.சி.ஓ.எஸ். உள்ளவர்கள், அதாவது நம் ஊரில் நீர்க்கட்டி என்று சொல்லப்படுபவர்கள், இளவயதினர், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு உயர்ந்தவர்கள் ஆகியோருக்குத் தூண்டலில் இருபது, முப்பது ஃபாலிக்கிள்கள்கூட வளர்ந்துவிடும். அத்தனையையும் எச்.சி.ஜி. ஒரு வாரம் விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால், அவை இரத்தக் குழாய்ச் சுவர்களைக் கசியச் செய்யும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைக் கட்டுக்கடங்காமல் வெளியிடுகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள் கசிந்து தேங்குகிறது. வயிறு உப்புகிறது, குமட்டுகிறது, சிறுநீர் குறைகிறது, எடை நாளுக்கு நாள் ஏறுகிறது. குழாய்க்குள் மிஞ்சிய இரத்தம் கெட்டிப்பட்டு உறைகட்டி உண்டாகும் ஆபத்தும் சேர்கிறது. கடுமையானால் மருத்துவமனையில் படுத்து வயிற்று நீரை இறக்க வேண்டிவரும்; உயிரிழப்பும் அரிதாக நேர்ந்திருக்கிறது. முட்டை எடுத்த முதல் ஒன்பது நாட்களுக்குள் வருவது ஊசியின் எச்.சி.ஜி.யால், அதற்குப் பிறகு வருவது, பதிந்த கரு சுரக்கும் எச்.சி.ஜி.யால். நோயே இல்லாத ஒரு பெண்ணுக்குச் சிகிச்சையால் நாம் உண்டாக்கும் நோய் இது என்பதால், இதைத் தவிர்க்க வழி இருக்கும்போது தவிர்க்காமல் விடுவதற்குச் சொல்லக்கூடிய காரணங்கள் மிகக் குறைவு.

அகோனிஸ்ட்: வந்த வேலையை முடித்துவிட்டுப் போவது

ஜி.என்.ஆர்.எச்.சின் பத்து அமினோ அமிலங்களில் ஆறாவதாக இருக்கும் கிளைசினை எடுத்துவிட்டு வேறொன்றைக் கண்ணாடிப் பிம்ப வடிவில் வைத்தால், சில நிமிடங்களில் சிதைந்துபோகும் அந்த ஹார்மோன் பல மடங்கு வலுவும் ஆயுளும் பெறுகிறது. டிரிப்டோரெலின், லியூப்ரோலைடு, பியூசெரெலின் எல்லாம் இப்படிச் செய்யப்பட்டவை. முதல் முறை கொடுக்கும்போது இவை பிட்யூட்டரியைக் குலுக்கி, அங்கே சேமித்து வைத்திருக்கும் எல்.எச்.சையும் எஃப்.எஸ்.எச்.சையும் ஒன்றாகக் கொட்டச் செய்கின்றன. டிரிகராக டிரிப்டோரெலின் 0.2 மில்லிகிராம், லியூப்ரோலைடு 1 மில்லிகிராம் அல்லது அதற்குச் சற்று மேல் போடுவது வழக்கம். நாலு மணி நேரத்தில் எல்.எச். உச்சிக்குப் போய், ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் முழுதாக இறங்கிவிடுகிறது. இயற்கை எழுச்சியைவிடக் குறுகியது. ஆனால் பெண்ணின் சொந்த எல்.எச்.; கூடவே எச்.சி.ஜி. தராத எஃப்.எஸ்.எச். எழுச்சியும் உண்டு. முட்டையை முதிர வைக்க இது போதும். ஃபாலிக்கிள்களை ஒரு வாரம் தட்டிக்கொண்டிருக்க இதில் எதுவும் மிச்சமில்லை.

இதைப் பயன்படுத்த ஒரு நிபந்தனை உண்டு: பிட்யூட்டரி விழித்திருக்க வேண்டும். முந்தைய மாதத்திலிருந்தே அகோனிஸ்ட் கொடுத்துப் பிட்யூட்டரியை உறங்க வைத்திருக்கும் நீண்ட முறையில் இந்த டிரிகர் பலிக்காது. நோபிலின் குரங்குகள் காட்டிய அடக்கம் அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கும். செட்ரோரெலிக்ஸ், கானிரெலிக்ஸ் போன்ற ஆன்டகோனிஸ்ட் மருந்துகள் ஏற்பியை வெறுமனே மறித்து நிற்பவை. வலுவான அகோனிஸ்ட் வந்து தள்ளினால் விலகிவிடும். புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையால் எழுச்சியை அடக்கும் முறையிலும் இது பலிக்கும். ஆகவே அகோனிஸ்ட் டிரிகர் என்ற வாய்ப்பு இருக்குமா என்பது மாதவிடாயின் இரண்டாம் நாளில், சிகிச்சை முறையைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. நீர்க்கட்டி உள்ள பெண்ணுக்கு நீண்ட முறையைத் தொடங்கிவிட்டு, பன்னிரண்டாம் நாள் முப்பது ஃபாலிக்கிள்களைப் பார்த்துக் கவலைப்படுவது, குடையை வீட்டில் வைத்துவிட்டு மழையில் நிற்பதற்குச் சமம்.

ஹைப்போதலாமஸோ பிட்யூட்டரியோ பிறவியிலேயே வேலை செய்யாதவர்களுக்கும் இது உதவாது. கருத்தடை மாத்திரையை நெடுநாள் எடுத்தவர்கள், அடிப்படை எல்.எச். மிகத் தாழ்வாக உள்ளவர்கள் சிலருக்கும் எழுச்சி அரைகுறையாகவே வரும். சந்தேகம் இருந்தால் ஊசி போட்ட 8 முதல் 12 மணி நேரத்துக்குள் இரத்தத்தில் எல்.எச். பார்த்துவிடலாம், 15 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் எச்.சி.ஜி. போட்டு எடுக்கும் நேரத்தைத் தள்ளிவைக்க இன்னும் அவகாசம் இருக்கும். எச்.சி.ஜி.யில் இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பெரிய விலை வேறொரு இடத்தில் இருக்கிறது. எழுச்சி சீக்கிரம் இறங்கிவிடுவதால் கார்பஸ் லூட்டியம் பட்டினியில் வாடி, புரோஜெஸ்டிரோன் விழுந்து, கர்ப்பப்பை உறை தன் பக்குவத்தை இழக்கிறது. 2005-இல் வெளிவந்த ஒப்பீட்டுச் சோதனைகளில் கர்ப்பம் தங்கும் அளவு மிகவும் குறைந்திருந்ததைக் கண்டு பலர் இந்த முறையையே கைவிட நினைத்தார்கள். மருத்துவச் சோதனைகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2014-இல் தொகுத்த மதிப்பீடு அதை எண்களில் சொல்கிறது: சொந்த முட்டையில், அதே மாதத்தில் கரு வைக்கும்போது, எச்.சி.ஜி. டிரிகரில் 31 சதவீதம் குழந்தை பிறக்கும் வாய்ப்புள்ள பெண்ணுக்கு அகோனிஸ்ட் டிரிகரில் அது 12 முதல் 24 சதவீதமாகக் குறையும், எச்.சி.ஜி.யில் 5 சதவீதம் ஓ.எச்.எஸ்.எஸ். ஆபத்துள்ள பெண்ணுக்கு அது பூஜ்யத்திலிருந்து 2 சதவீதத்துக்குள் அடங்கும். ஒரே மூச்சில் படித்தால் இது பாதுகாப்புக்கும் குழந்தைக்கும் இடையிலான பேரம்போல் தோன்றுகிறது. ஆனால் அதே மதிப்பீட்டில், தானமாகப் பெற்ற முட்டையில் உருவான கருவை வேறொரு பெண்ணுக்கு வைத்தபோது வேறுபாடு எதுவும் தென்படவில்லை. முட்டையிலும் குறையில்லை, கருவிலும் குறையில்லை. வாடியது, ஊசி போட்டுக்கொண்ட பெண்ணின் அந்த மாதத்துக் கர்ப்பப்பை உறை மட்டுமே.

அப்படியானால் தீர்வு இரண்டு வகையில் தேடலாம். முட்டை எடுக்கும் நாளில் 1,500 யூனிட் எச்.சி.ஜி.யைச் சிறு ஊன்றுகோலாகக் கொடுத்து, அந்த மாதமே கரு வைப்பது ஒன்று. டென்மார்க்கின் ஹுமைதான் குழுவினர் வளர்த்த வழி இது. பத்துப் பன்னிரண்டு ஃபாலிக்கிள்கள் உள்ளவர்களுக்குச் சரிவரும். ஃபாலிக்கிள்கள் மிக அதிகமானால் அந்தச் சிறு அளவே நோயைக் கிளப்பப் போதுமானது என்பதால், தவிர்க்க வந்ததையே திரும்ப அழைத்ததாகிவிடும். மற்றொன்று, எல்லாக் கருக்களையும் உறையவைத்துவிட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து, சினைப்பை அடங்கிய பிறகு ஒவ்வொன்றாக வைப்பது. 2011-இல் பெல்ஜியத்தின் டெவ்ரோய் குழு ஆன்டகோனிஸ்ட் முறை, அகோனிஸ்ட் டிரிகர், முழு உறைவைப்பு மூன்றையும் சேர்த்து, ஓ.எச்.எஸ்.எஸ். இல்லாத மருத்துவமனை என்ற கனவை முன்வைத்தபோது, அதிவேக உறைவைப்பு நுட்பம் அதை நடைமுறைக்கு ஏற்றதாக ஆக்கியிருந்தது.

அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கொல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாய் இதன் சாரத்தைச் செய்துகாட்டியிருந்தார் என்பதை நினைக்காமல் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. ஊசியால் சினைப்பையைத் தூண்டி, உருவான கருவை 53 நாட்கள் உறையவைத்து, பிறகொரு சுழற்சியில் வைத்தார். 1978 அக்டோபர் 3-இல் துர்கா பிறந்தாள். மாநில அரசு அமைத்த குழு நம்பவில்லை. 1981-இல் அவர் தன்னை மாய்த்துக்கொண்டார். உரிய இடத்தை அவருக்கு மீட்டுக் கொடுத்தவர், 1986-இல் மும்பையில் ஹர்ஷாவின் பிறப்புக்குக் காரணமான குழுவில் இருந்த டி.சி. ஆனந்த் குமார், அதுவரை இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கியவர் என்ற பெயர் தனக்கே இருந்தும், 1997-இல் அவர் அதைச் செய்தார்.

உறைவைப்பிலும் கணக்குப் பார்க்க வேண்டியவை உண்டு. 2016-இல் சீனாவில் நீர்க்கட்டியுள்ள 1,508 பெண்களிடம் நடந்த சோதனையில், உறையவைத்த கருவால் 49.3 சதவீதத்தினரும், உடனே வைத்த கருவால் 42 சதவீதத்தினரும் குழந்தை பெற்றார்கள், ஓ.எச்.எஸ்.எஸ். 7.1-லிருந்து 1.3 சதவீதமாக இறங்கியது. ஆனால் கர்ப்பகால இரத்தக்கொதிப்பு நோயான பிரீ-எக்ளாம்ப்சியா 1.4-லிருந்து 4.4 சதவீதமாக ஏறியது. மாதவிடாய் ஒழுங்காக வரும் பெண்களிடம் 2018-இல் சீனாவிலும் வியட்நாமிலும் செய்த சோதனைகளில் உறைவைப்பால் குழந்தை பிறப்பு கூடவில்லை. ஆகவே எல்லோருக்கும் உறையவைத்துவிடலாம் என்ற இன்றைய வசதியான போக்கை நான் ஏற்கவில்லை. உறைவைப்புக் கட்டணம், ஆண்டு வாடகை, மீண்டும் ஒரு மாத மருந்து, மீண்டும் விடுப்பு, மீண்டும் வெளியூர்ப் பயணம் எல்லாம் தம்பதியரின் பையிலிருந்துதான் போகின்றன. ஆபத்து இல்லாதவருக்கு அதற்கு ஈடாக எதுவும் கிடைப்பதில்லை.

முட்டை தானம் செய்பவர்கள் விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. 2021-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டப்படி 23 முதல் 35 வயதுக்குள் உள்ள பெண் வாழ்நாளில் ஒருமுறையே தானம் செய்யலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. அவர் உடலில் கரு வைக்கப்போவதே இல்லை என்பதால் எச்.சி.ஜி.யின் ஒரே சிறப்பு அவருக்குப் பயன்படாது; ஆபத்து மட்டும் அவருடையதாக இருக்கும். அங்கே அகோனிஸ்ட்தான்.

இரட்டை டிரிகரும் கிஸ்பெப்டினும்

அகோனிஸ்ட்டையும் எச்.சி.ஜி.யையும் சேர்த்துப் போடும்போது இரண்டின் நன்மையும் கிடைக்கும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. முந்தைய சுழற்சியில் முதிராத முட்டைகள் நிறைய வந்தவர்களுக்கும், ஃபாலிக்கிள் எண்ணிக்கைக்கு ஏற்ற முட்டை கிடைக்காதவர்களுக்கும் இதை முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஊறாத சப்ஜாக்களையே போனமுறை பார்த்த ஒருவருக்கு இந்தமுறை விரிந்தவை வந்ததை நானும் கண்டிருக்கிறேன், அது ஊசியால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரே, 2019-இல் வெளியிட்ட வழிகாட்டியில், இயல்பாகப் பதிலளிக்கும் பெண்களுக்கு இதை வாடிக்கையாகப் போடப் பரிந்துரைக்கவில்லை. எச்.சி.ஜி. முழு அளவில் சேர்ந்தால் ஓ.எச்.எஸ்.எஸ். பாதுகாப்பும் போய்விடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

கிஸ்பெப்டின் கதை சுவையானது. 1996-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷே ஊரில், புற்றுநோய் பரவலைத் தடுக்கும் மரபணுவாக அது கண்டுபிடிக்கப்பட்டது. ஹெர்ஷேயின் கிஸ்ஸஸ் சாக்லேட்டின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. அதன் ஏற்பி பழுதானால் பருவமடைதலே நிகழாது என்று 2003-இல்தான் தெரியவந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வல்ஜித் தில்லோவின் குழு, 54 அமினோ அமிலங்கள் கொண்ட கிஸ்பெப்டினை 53 பெண்களுக்கு டிரிகராகக் கொடுத்து 2014-இல் முடிவை வெளியிட்டது. 49 பேருக்குக் கரு வைக்க முடிந்தது. அடுத்த ஆண்டு, ஓ.எச்.எஸ்.எஸ். ஆபத்து மிகுந்த 60 பெண்களுக்குக் கொடுத்தபோது ஒருவருக்கும் நடுத்தரமான அல்லது கடுமையான நோய் வரவில்லை. அகோனிஸ்ட் பிட்யூட்டரியைத் தட்டுகிறது என்றால் இது ஒரு படி மேலே, ஹைப்போதலாமஸைத் தட்டி, அந்தப் பெண்ணின் சொந்த ஜி.என்.ஆர்.எச்.சையே அளவாக வெளியிடச் செய்கிறது. ஆனால் இன்று மாலை சீட்டு எழுதும் மருத்துவரின் கையில் இது இல்லை.

சீட்டு எழுதும் மாலையில்

27 வயது, நீர்க்கட்டி, ஸ்கேனில் 30 ஃபாலிக்கிள்கள் என்றால் ஆன்டகோனிஸ்ட் முறை, அகோனிஸ்ட் டிரிகர், முழு உறைவைப்பு. இதில் தயங்க இடமில்லை. "இந்த மாதமே வைத்துவிடுங்கள், மாமியார் கேட்கிறார்" என்ற வேண்டுகோளுக்காக எச்.சி.ஜி.க்கு மாறும் மருத்துவர் அந்தப் பெண்ணுக்கு நன்மை செய்யவில்லை. 36 வயது, எட்டு ஃபாலிக்கிள்கள், கர்ப்பப்பை உறை நன்றாக இருக்கிறது என்றால் எச்.சி.ஜி. போட்டு ஐந்தாம் நாள் கருவை அப்போதே வைப்பதுதான் நேர்வழி. 5,000 யூனிட் போதும் என்கிற பட்சத்தில் 10,000 போடுவானேன். கடினம் நடுவில் இருக்கிறது: 31 வயது, 16 ஃபாலிக்கிள்கள், பணத்துக்கும் நெருக்கடி. அங்கே நான் அகோனிஸ்ட் பக்கம் சாய்ந்து, முட்டை எடுத்த நாளன்று வயிறும் எண்ணிக்கையும் எப்படி என்று பார்த்து, 1,500 யூனிட் கொடுப்பதா உறையவைப்பதா என்று முடிவெடுக்கச் சொல்வேன். எச்.சி.ஜி.யைப் பிறகு சேர்க்கலாம். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் கெடுக்கக்கூடியவை சிறு விஷயங்கள். டிரிப்டோரெலின் 0.1 மில்லிகிராம் ஊசியாக வரும்போது இரண்டு போட வேண்டும். ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதைக் குளிர்பதனப் பெட்டியில் பத்திரமாக வைத்தவர்கள் உண்டு. மாதம் ஒருமுறை போடும் 3.75 மில்லிகிராம் டெப்போ ஊசி வேறு. அது டிரிகர் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலை, எடுப்பதற்கு முந்தைய நாள், ஒரு பெண் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், பத்தரைக்குப் போடச் சொன்னீங்க. எங்க ஊர் சிஸ்டர் வீட்டுக்குப் போகணும்னு எட்டரைக்கே போட்டுட்டாங்க. சொன்னா திட்டுவீங்களோன்னு பயந்து நேத்தே சொல்லலை." அட்டவணையில் அவரை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளினோம்; பதினொரு முட்டைகள் வந்தன. சொல்லாமல் இருந்திருந்தால் 38 மணி நேரம் ஆகியிருக்கும், பல ஃபாலிக்கிள்கள் உண்மையாகவே வெடித்திருக்கும்.

கரு வைத்த பிறகு வரும் நாட்களுக்கும் இந்தத் தேர்வின் நிழல் நீள்கிறது. எச்.சி.ஜி. போட்டவர்கள் பொறுமை தாங்காமல் ஒரு வாரத்திலேயே மருந்துக்கடைக் கிட்டை வாங்கிப் பார்த்தால் இரண்டாவது கோடு மங்கலாகத் தெரியக்கூடும். அது ஊசியின் எச்.சி.ஜி.; கருவினுடையது அல்ல. கிட்டுக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. ஊன்றுகோலாக 1,500 யூனிட் போட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மருத்துவமனை குறித்துக் கொடுத்த தேதியில் இரத்தத்தில் பார்க்கும் எண்ணையும், இரண்டு நாள் கழித்து அது ஏறுகிறதா என்பதையும் மட்டும் நம்புங்கள். ஊசியின் மிச்சம் என்றால் அந்த எண் இறங்கிக்கொண்டிருக்கும்.